காலனின் நாயும் கபாலியின் நாயும்

மயிலாப்பூரின் தலைமைக் கோயிலுக்குக் கபாலீச்சரம் என்பது பழம்பெயர். சம்பந்தர் பூம்பாவையை எழுப்புவதற்குப் பாடிய பதிகத்திலேயே அப்பெயர் பயில்கிறது. கபாலம் என்றால் மண்டையோடு. செருக்குற்ற நான்முகனின் ஐந்தாம் தலையைச் சிவபெருமான் கொய்தார். அந்தத் தலையோட்டைக் கையில் ஏந்தியமையால் கபாலி எனப்பட்டார் என்பது புராண மரபு. தலையைக் கொய்த வேளையில் அவர் பூண்ட கோலம் வைரவர் கோலம் என்றும், கையை விட்டு அகலாத அந்த ஓட்டில் பிச்சை ஏற்று ஊரூராகத் திரிந்தார் என்றும் கதை தொடர்கிறது. சுடலை நீறும் பாம்பும் சூலமும் அக்கோலத்துக்கு உரியவை. அவற்றோடு ஒரு நாயும் உண்டு.

வைரவரைப் பற்றிப் பேசியவர் பலர். அவருடன் நடக்கும் நாயைப் பற்றிக் கேட்டவர் சிலரே. இந்தியச் சிற்பங்கள் பலவற்றில் அந்த நாய் தலையை உயர்த்தி நிற்கிறது. கொய்யப்பட்ட தலையிலிருந்து சொட்டும் குருதியை அது நக்குவதாகவும் செதுக்கியிருக்கிறார்கள். கோயிலுக்குள் நுழைவதற்கே உரிமை இல்லாத உயிராக எண்ணப்பட்ட நாய் இறைவனின் ஊர்தியானது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் மயிலையோடு நின்றுவிட இயலாது. உலகின் பழைய இனங்கள் பலவற்றின் புராணங்களிலும் நாயும் ஓநாயும் அச்சுறுத்தும் பேருருக் கொண்டு நிற்கின்றன.

சாவின் வாயிலில் நிற்பவை

இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்துப் பதினான்காம் பாடல் யமனைப் பற்றியது. அவனுடைய வழியை இரண்டு நாய்கள் காக்கின்றன. அவை சரமை என்னும் தேவநாயின் மக்கள். நான்கு கண்கள் உடையவை. அகன்ற மூக்கு உடையவை. யமனின் தூதராக மக்களிடையே அவை திரிகின்றன. பிற்கால நூல்கள் அவற்றைச் சியாமம், சபலம் என்று பெயரிட்டு வழங்கின. ஒன்று கரியது, மற்றொன்று புள்ளியுடையது.

கிரேக்கரின் கீழுலகத்தைக் கெர்பெரஸ் என்னும் நாய் காக்கிறது. கி.மு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த ஹெசியோட் அதற்கு ஐம்பது தலைகள் என்றார். பின்வந்தோர் மூன்றாகக் குறைத்தனர். வடபுலத்து நார்ஸ் மக்களின் கதைகளில் கார்ம் என்னும் நாய் குகை வாயிலில் குரைக்கிறது; அதன் குரைப்பு உலக முடிவின் அறிகுறி. பாரசீகரின் அவெத்தா மரபில், இறந்தவர் கடக்க வேண்டிய சின்வத் பாலத்தின் அருகே நாய்கள் உள்ளன. எகிப்தியரின் அனுபிஸ் கல்லறைகளின் காவலன். அவனை ஒத்த வெப்வாவெத் என்னும் தெய்வத்தின் பெயருக்கே வழிகளைத் திறப்பவன் என்பது பொருள். நரித்தலை என்று நெடுங்காலம் விளக்கப்பட்ட அவ்வுருவங்களுக்கும் அண்மையில் ஒரு திருத்தம் நேர்ந்தது. ஆப்பிரிக்கப் பொன்னிற நரி எனக் கருதப்பட்ட விலங்கு உண்மையில் ஓநாய்க் கிளையைச் சார்ந்த தனி இனம் என்பதை 2015இல் மரபணு ஆய்வு காட்டியது.

கெர்பெரஸ், சபலம் ஆகிய இரு சொற்களும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்று 19ஆம் நூற்றாண்டு மொழிநூலார் சிலர் மகிழ்ந்து எழுதினர். இன்றைய மொழியியலார் பலர் அதனை ஏற்பதில்லை. சொல் ஒன்றாயினும் வேறாயினும் கருத்தின் ஒற்றுமை மறைவதில்லை. அமெரிக்கப் பழங்குடியினர் பலரின் கதைகளிலும் ஆவி செல்லும் வழியில் நாய் நிற்கிறது. அவர்களுக்கும் வேத காலத்தவருக்கும் மொழி உறவு ஏதும் இல்லை. எனவே இந்த எண்ணம் ஒரு மொழிக் குடும்பத்தின் தனிச்சொத்து அன்று.

நான்கு கண் என்பதும் வெறும் கற்பனை அன்று. நாய்கள் சிலவற்றின் புருவத்தின்மேல் வெளிர்நிறப் பொட்டுகள் இரண்டு இருப்பதை இன்றும் தெருவில் காணலாம். இறந்தவரின் உடலை நாயின் பார்வையில் வைக்கும் சடங்கு பாரசீகச் சமயத்தில் உண்டு. அதற்கு நான்கு கண் நாயே சிறந்தது என்று வெந்திதாத் என்னும் அவர்களின் நூல் கூறுகிறது. வேதக் கவிஞன் கண்ட பூதமும் அந்தச் சடங்குக்கு நிறுத்தப்பட்ட வீட்டு நாயும் ஒரே பொட்டு உடையவை. பூதம் முதலில் நாயாகவே இருந்தது. மனிதனின் கண்ணே அதற்குக் கூடுதலாக இரு கண்களை வைத்தது.

அச்சம் பிறந்த இடங்கள்

அக்கண்ணில் அச்சத்தை ஏற்றியவை எவை? அறிஞர் காட்டும் காரணங்களுள் மூன்று முதன்மையானவை.

முதலாவது சுடுகாடு. புதைக்கப்படாத பிணத்தை முதலில் நாடி வருபவை நாயும் நரியும். ஹோமரின் இலியத் தன் தொடக்கத்திலேயே வீரரின் உடல்கள் நாய்களுக்கு இரையானதைச் சொல்லிவிடுகிறது. காரைக்கால் அம்மையார் கண்ட திருவாலங்காட்டுச் சுடலையில் பேயும் நரியும் கூடி ஆடுகின்றன. பரணி பாடிய புலவர் போர்க்களத்தில் பேய்களுக்குக் கூழ் சமைத்தனர். வீட்டு வாயிலில் படுத்திருக்கும் விலங்கு இரவில் ஊர்ப்புறத்து ஈமக்காட்டுக்கும் சென்று திரும்புகிறது. இரண்டு உலகங்களுக்கும் போய்வருவது என்று அதனைக் கருதுவதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது மந்தை. ஆடுமாடுகளே செல்வமாக இருந்த மக்களுக்கு ஓநாய் பகைவன். நார்ஸ் மக்களின் பென்ரிர் என்னும் ஓநாயைத் தேவர்கள் வஞ்சனையால் கட்டினர். உறுதிக்காகத் தன் கையை அதன் வாயில் வைத்த தீர் என்னும் தேவன் அக்கையை இழந்தான். உலக முடிவில் கட்டறுத்து வரும் அந்த ஓநாய் ஒதின் என்னும் தலைமைத் தேவனையே விழுங்கும். பிரான்சு நாட்டின் கெவொதான் பகுதியில் 1764 முதல் 1767 வரை ஒரு விலங்கு பெண்களையும் சிறுவரையும் கொன்று திரிந்தபோது, அது ஓநாயா அன்றிப் பேயா என்று அந்நாடே அஞ்சியது. அரசன் வேட்டையரை அனுப்பினான். இங்கிலாந்தில் பங்கே என்னும் ஊரின் தேவாலயத்துள் 1577ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் இடிமழைக்கு நடுவே கரிய நாய் ஒன்று பாய்ந்ததாக எழுதி வைத்தனர். நம் நாட்டிலும் உத்தரப்பிரதேசத்துப் பகராயிச்சில் 2024இல் ஓநாய்கள் குழந்தைகளைக் கவர்ந்தபோது பழைய அச்சம் மீண்டும் தலைதூக்கியது.

மூன்றாவது நோய். நாய்க்கடி நோய் பிற நோய்களைப் போன்றது அன்று. நேற்று வரை வாலாட்டிய உயிர் இன்று வளர்த்தவனைக் கடிக்கிறது. கடிபட்டவன் சில கிழமைகளோ திங்களோ கழிந்து நீரைக் கண்டு நடுங்கி இறக்கிறான். சுசுருத சங்கிதை இந்நீரச்சத்தை விவரித்து, அது தோன்றியபின் பிழைப்பில்லை என்கிறது. பாஸ்டர் 1885இல் தடுப்பூசி கண்டு, தென்னிந்தியாவுக்கென்று குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் அமையும்வரை, கடிபட்டவருக்கு வேண்டுதலும் மந்திரமும் பச்சிலையுமே துணை. நட்பு ஒரே நாளில் பகையாகும் இந்த விந்தையே மனிதன் ஓநாயாக மாறும் கதைகளுக்கு வித்து என்று கருதுவோர் உளர்.

வெறி என்னும் சொல்

இந்நோய்க்குக் கிரேக்கர் இட்ட பெயர் லிசா. அது ஓநாயைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்ததாகக் கருதப்படுகிறது. அதே சொல்லை ஹோமர் போர்க்களத்து வீரனின் மூர்க்கத்துக்கும் ஆள்கிறார். திராய் நகரத்துத் தலைவன் ஹெக்டரைப் பகைவன் ஒருவன் வெறிநாய் என்றே பழிக்கிறான். நார்ஸ் வீரருள் ஒரு சாரார் ஓநாய்த்தோல் போர்த்துத் தம்மை மறந்து போரிட்டனர். உருசியாவின் கிராஸ்னோசமார்ஸ்கோயே என்னும் இடத்தில், ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன் குளிர்காலங்களில் நாய்களும் ஓநாய்களும் பலியிடப்பட்டுச் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டதை அகழாய்வு காட்டுகிறது. இளைஞரைப் போர்க்குழுவில் சேர்க்கும் சடங்கு அது என அங்கு ஆய்ந்தோர் கருதுகின்றனர்.

தமிழில் வெறி என்னும் சொல்லின் வரலாறு இதனினும் நுட்பமானது. சங்க காலத்தில் வேலன் முருகனை ஏற்று ஆடியது வெறியாட்டு. களவு வாழ்வில் மெலிந்த தலைவியின் நோய்க்குக் காரணம் காண அன்னையர் அவனை அழைத்தனர். வெறி என்பதற்கு மணம் என்றும் பொருள் உண்டு. கள்ளின் மயக்கம் என்றும் பொருள் உண்டு. நோயுற்ற நாய்க்கு முன்னொட்டாக நிற்பதும் இச்சொல்லே. தெய்வம் ஏறிய உடலுக்கும் நஞ்சேறிய உடலுக்கும் தமிழர் ஒரே பெயரிட்டனர். தன்னினும் பெரிதாகிய ஒன்று உள்ளே புகுந்து ஆட்டுகிறது என்னும் வியப்பும் நடுக்கமும் இரண்டிடத்தும் ஒன்று.

உருமாற்றக் கதையும் நம்மிடம் உண்டு. ஆனால் அதன் சுவை வேறு. வாதவூரரின் பொருட்டு இறைவன் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்குக் கொணர்ந்தார் என்கிறது திருவிளையாடற் புராணம். நள்ளிரவில் அவை மீண்டும் நரிகளாகிப் பாண்டியனின் பழைய குதிரைகளைக் கடித்துவிட்டு ஊளையிட்டு ஓடின. மேலைநாட்டுக் கதைகளில் இரவில் ஓநாயாகும் மனிதன் சபிக்கப்பட்டவன். இங்கே அந்த மாற்றம் விளையாடல். அடியவனுக்கு அது சோதனை. அரசனுக்கு அது பாடம்.

ஒரே அரசன் காலத்து இரு நாய்கள்

தமிழ் மரபு நாயைப் பூதமாக்கியதைவிட உடன்வாழ்வோனாகக் கண்டதே மிகுதி. தொல்காப்பிய மரபியல் நாயின் குட்டிக்கும் புலியின் குட்டிக்கும் குருளை என்னும் ஒரே பெயரை உரிமையாக்குகிறது. ஞமலி, ஞாளி என்னும் பெயர்கள் இலக்கியத்தில் பயில்கின்றன. ஞமலி என்பது பூழி நாட்டார் வழக்கு என்று பழைய உரையாசிரியர் குறிக்கின்றனர். பாலைத் திணையின் கொடிய விலங்கு செந்நாய். ஆனால் செந்நாய் தின்று எஞ்சிய ஊன் நெடுவழி செல்வோர்க்கு உணவாகும் என்று ஒரு நற்றிணைப் புலவர் காட்டும்போது, கொடுமையே ஈகையாகிவிடுகிறது.

இம்மரபின் உச்சத்தைத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் காணலாம். அங்குள்ள நடுகல் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு அது எடுக்கப்பட்டது. வீரனின் பின்னே ஒரு நாய் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியே பொறித்துள்ளனர். கள்வருக்குக் கல்லில் பெயரில்லை. நாய்க்குப் பெயர் உண்டு.

அதே மகேந்திரவர்மன் எழுதியதாக வழங்கும் மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி நகை நாடகத்திலும் ஒரு நாய் வருகிறது. 1917இல் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி அதனைப் பதிப்பித்தார். காஞ்சியில் கள்ளுண்டு திரியும் காபாலிகன் ஒருவன் தன் பிச்சைப் பாத்திரமாகிய மண்டையோட்டைத் தொலைத்துவிடுகிறான். ஒரு பௌத்தத் துறவியின்மேல் பழி சுமத்தி வழக்காடுகிறான். பாசுபதன் ஒருவன் நடுவனாகிறான். முடிவில் ஒரு பித்தன் அந்த ஓட்டைக் கொண்டுவருகிறான். அதனை அவன் பறித்தது ஒரு நாயிடமிருந்து. ஓட்டிலிருந்த இறைச்சிக்காக நாய் அதனைக் கவ்விச் சென்றிருந்தது. வைரவரைப் போல வேடம் பூண்டவனின் கபாலத்தை வைரவரின் ஊர்தியே பறித்துக்கொண்டது என்பதில் அரசனின் நகை அடங்கியிருக்கிறது. சமயத்தார் ஒருவரையொருவர் குற்றம் கூறிக்கொண்டிருக்க, உண்மையில் எடுத்தது பசித்த ஓர் உயிர்.

ஓர் அரசனின் நாட்டில் ஒரு நாய் வீரனாகக் கல்லேறியது. மற்றொரு நாய் கள்வனாக மேடையேறியது. இரண்டிலும் அது பூதம் அன்று. வயிறும் நன்றியும் உடைய விலங்காகவே அதனைக் கண்டிருக்கிறார்கள்.

சரமையின் சாபம்

இதனால் தமிழரும் இந்தியரும் நாய்க்கு இழிவே செய்யவில்லை என்று கொள்வது பிழை. நாயைச் சமைப்பவன் என்னும் பொருளில் சுவபசன் என்று ஒரு மக்கட் கூட்டத்தையே தருமநூல்கள் ஒதுக்கி வைத்தன. சுடுகாட்டில் தொழில் செய்தோரும் சுடுகாட்டில் திரிந்த நாயும் ஊரின் எல்லைக்கு வெளியே ஒருங்கே நிறுத்தப்பட்டனர். நாயின்மேல் ஏற்றிய அச்சமும் அருவருப்பும் மனிதர்மேலும் ஏற்றப்பட்டன. நான்கு நாய்களோடு எதிர்வந்த புலையனை விலகச் சொன்ன சங்கரர், அவன் கேட்ட வினாவால் தெளிவு பெற்றார் என்னும் கதை இந்தப் பழியை உணர்ந்தோர் படைத்தது. அந்நாய்களை நான்மறை என்றே மரபு விளக்கிற்று. மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கீழாகத் தாழ்த்திக்கொண்டபோது, ஊரார் இழித்த இடத்திலேயே அருள் இறங்கும் என்னும் உறுதியும் அதில் இருந்தது.

பாரதத்தின் தொடக்கமும் முடிவும் இவ்வகையில் எண்ணிப் பார்க்கத் தக்கவை. சனமேசயனின் வேள்விக்களத்துக்கு வந்த ஒரு நாய்க்குட்டியை அவன் தம்பியர் அடித்து விரட்டினர். அது அவியை நக்கவும் இல்லை, நோக்கவும் இல்லை. அதன் தாயாகிய சரமை வந்து காரணம் கேட்டாள். எவரும் விடை கூறவில்லை. குற்றமற்ற உயிரை அடித்தமையால் காணாத அச்சம் உன்னை வந்து சூழும் என்று அரசனை அவள் சபித்தாள். இதிகாசத்தின் மறுமுனையில், துறக்கத்தின் வாயிலில், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு ஏறமாட்டேன் என்று நிற்கிறான் தருமன். அந்நாய் அறக்கடவுளாகிய யமனே. சாவின் வாயிலில் நிற்கும் பழைய நாய் இங்கும் நிற்கிறது. ஆனால் அது காவல் செய்யவில்லை, தேர்வு செய்கிறது.

காணாத அச்சம் என்னும் சாபமே புராணப் பெருநாய்கள் அனைத்துக்கும் உரையாக அமையக்கூடியது. ஐம்பது தலைகளும் நான்கு கண்களும் நாய்க்கு உரியவை அல்ல. அடித்த கைக்கு இரவில் தோன்றுபவை.

சென்னை இந்த அச்சத்தைப் பழங்கதையாக மட்டும் அறிந்த ஊர் அன்று. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே நெடுங்காலம் மாநகராட்சியின் வழக்கமாக இருந்தது. ஆண்டுதோறும் கொன்றும் நாய்களும் குறையவில்லை; நோயும் ஒழியவில்லை. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்கு மாறாகக் கருத்தடை செய்து, தடுப்பூசியிட்டு, பிடித்த இடத்திலேயே விடுமாறு 1960களிலிருந்து வற்புறுத்தி வந்தது. 1990களின் நடுவில் தென்சென்னையில் சோதனையாகத் தொடங்கிய அம்முறை 1996இல் நகர் முழுவதற்கும் விரிந்தது. மைய அரசு 2001இல் இதற்கு விதிகள் வகுத்து, 2023இல் அவற்றைப் புதுக்கியது. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி இட்டால் நோய் பரவும் சங்கிலி அறும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பு. 2025 ஆகஸ்டு 11இல் தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு ஆணையிட்ட உச்சநீதிமன்றம், 22ஆம் நாள் அதனைத் திருத்தி, நோயும் மூர்க்கமும் இல்லாதவற்றை ஊசியிட்டுப் பழைய இடத்தில் விடலாம் என்றது. பதினொரு நாள் இடைவெளியில் நாட்டின் நெஞ்சம் இருபுறமும் ஆடியதை அவ்விரண்டு ஆணைகளும் காட்டுகின்றன.

இதில் எந்தப் பக்கத்தையும் எளிதென ஒதுக்குவதற்கில்லை. கடிபட்ட குழந்தையின் தாய்க்குக் கெர்பெரஸ் கற்பனை அன்று. வாயில்லா உயிர் அடிபட்டு விழுவதைக் கண்டவருக்குச் சரமையும் கற்பனை அல்லள். கிரேக்க வீரன் கெர்பெரஸைக் கட்டி இழுத்து வந்தான்; நார்ஸ் தேவர்கள் பென்ரிரைத் தளையிட்டு அது அறும் நாளை எண்ணிக்கொண்டிருந்தனர். சுடலையில் திரிந்த அதே விலங்கைச் சிவ மரபு தளையிடவில்லை. அச்சந்தரும் கடவுளின் அருகில் நிறுத்திப் பணி கொடுத்தது. தமிழ்நாட்டுச் சிவாலயங்களின் வடகீழ் மூலையில் நிற்கும் வைரவர் கோயிற் காவலர்; இரவில் கதவடைத்தபின் சாவியை அவர் முன் வைத்துச் செல்வது பல கோயில்களில் வழக்கம். யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களிலோ ஒரு சூலமே வைரவராக நின்று ஊரைக் காக்கிறது.

நாய் என்பதை வசைச்சொல்லாக எடுக்கும் பாவலர் இரு நாய்களையும் நினைவில் கொள்வது நன்று. பசியால் கபாலத்தைக் கவ்விய நாய்க்கு மகேந்திரவர்மன் தண்டனை எதுவும் எழுதவில்லை. ஓடு உரியவனிடம் திரும்பியதும் நாடகம் முடிந்துவிடுகிறது. கோவிவனோ எடுத்தனூர்க் கல்லில், வெயிலிலும் மழையிலும், 1,400 ஆண்டுகளாகத் தன் தலைவனின் பின்னே நிற்கிறது.